கையை முதலில் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று நீ போனை வைத்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு டாக்டராகப் போன இரண்டாம் மாதமே பிரேதப் பரிசோதனைக்கு ஒரு கொலைக் கேஸ், உடம்பில் பதினொரு வெட்டு. "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலம்மா" என்றாய்.

கையிலிருந்து ஆரம்பி. கழுத்து வெட்டுதான் கண்ணை இழுக்கும். அது எங்கேயும் ஓடிவிடாது. விறைத்த விரல்களைப் பதமாகப் பிரித்து உள்ளங்கை, விரலிடுக்கு, முன்கையின் சுண்டுவிரல் பக்கம் எல்லாம் பார். கத்தியைப் பிடித்தவனுக்கு உள்ளங்கை அறுந்திருக்கும். தலையைக் காக்கக் கையைத் தூக்கியவனுக்கு முன்கையில் விழுந்திருக்கும். பரீட்சைக்கு நீ படித்த தற்காப்புக் காயம் இதுதான். அது இல்லையென்றால் உடனே தற்கொலைக்குப் போய்விடாதே. தூக்கத்தில் இருந்தவனும் பின்னாலிருந்து வெட்டுப்பட்டவனும் எதைத் தடுப்பார்கள்? தானே அறுத்துக்கொண்டவர்களிடம் பெரும்பாலும் ஆழமான வெட்டை ஒட்டி மெல்லிய கீறல்கள் வரிசையாக இருக்கும், கை தயங்கிய இடம் அது.

அப்புறம் தலைக்காயம். இதில் நானே சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. அரிவாள் வெட்டு என்று சொல்லித்தான் போலீஸ்காரர் கொண்டுவந்தார். காயமும் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. 'வெட்டுக்காயம்' என்று எழுதிவிட்டேன். கோர்ட்டில் சாட்சி, உலக்கையால் அடித்ததைப் பார்த்தேன் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் என் சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மண்டையோட்டின் மேல் தோல் இழுத்துக் கட்டிய மாதிரி இருப்பதால், கட்டை பட்டாலும் வெட்டியதுபோலப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பிளவுக்குள்ளே இழைகள் அறுபடாமல் குறுக்கே நூல் நூலாக நிற்கும், ஓரம் கன்றியிருக்கும், முடி அறுபடாமல் வேரோடு நசுங்கியிருக்கும். வெட்டு என்றால் எல்லாமே சுத்தமாக அறுந்திருக்கும்.

போலீஸ் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள். ஆனால் பார்த்ததை மட்டும் எழுது.

சட்டையைத் தூக்கி மூலையில் போட விடாதே. துணியின் கிழிசலும் உடம்பின் காயமும் பொருந்துகிறதா பார்த்துவிட்டு, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் கட்டு. பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். கழுத்து நெரித்த கேஸ் வந்தால் மண்டையையும் மார்பையும் திறந்து ரத்தம் வடிந்த பிறகு, கடைசியாகக் கழுத்துக்கு வா. இல்லாவிட்டால் நம் கத்தி உண்டாக்கும் ரத்தக்கசிவே நெரித்த தடயம் மாதிரித் தெரியும்.

ராத்திரியே முடித்துக் கொடுங்கள் என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள், பாவம். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை அனுமதித்தது உண்மைதான். ஆனால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய கொலைக்கு அது செல்லாது. டியூப்லைட் வெளிச்சத்தில் கன்றிப்போன நிறம் ஏமாற்றும். காலையில் செய்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்தப் பக்கம் வருகிறான். என் லென்ஸைக் கொடுத்து அனுப்புகிறேன். அந்தக் கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் வாங்கியது. கைப்பிடி கொஞ்சம் ஆடும், நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

அம்மா