எரிமலைப் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தோனேசிய எரிமலைப் பயணங்களுக்கு முன்பணம் கட்டியவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "மற்றவர்கள் எரிமலை வாயின் விளிம்பு வரை அழைத்துப் போகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் சில நாட்களில் பாதியிலேயே திருப்பிவிடுகிறீர்கள்?" கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த மடல்.

அந்த நாட்டின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் ஒரு நிலையை அறிவிக்கிறது. முதல் நிலை இயல்பு, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது ஆயத்தம், நான்காவது பேரபாயம். எல்லோரும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: வாயிலிருந்து இத்தனை தூரத்துக்குள் யாரும் போகக் கூடாது என்று. எங்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறோம். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மேற்குச் சுமத்ராவின் மராப்பி எரிமலை வெடித்தது. மலைமேல் சுமார் 75 பேர் இருந்தார்கள். அவர்களில் 24 பேர் உயிரிழந்தார்கள். மலை அன்று இரண்டாம் நிலையில்தான் இருந்தது. வாயைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. அப்படியிருந்தும் மலையேற அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டுக்கொண்டிருந்தது. சீட்டு கையில் இருந்தால் ஆபத்தில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாறைக்குழம்பு ஆழத்திலிருந்து மேலேறி வந்தால் நில அதிர்வுக் கருவிகள் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். வாய்க்கு அருகே தேங்கிய நீர் சூடேறி நீராவியாகப் பீறிடும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வாயின் விளிம்பில் நிற்பவர் ஓடி ஒளிய இடமும் இல்லை.

ஆகவே தடைத் தூரத்துக்குள் நாங்கள் கால் வைப்பதில்லை. ஜாவாவின் மெராப்பி வேறு மலை. பெயர் ஒலிப்பதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அதன் உச்சிக்கு 2018 மே முதல் ஏற அனுமதி இல்லை. உச்சிக்கே கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

அதிகம் மனத்தாங்கல் வருவது கிழக்கு ஜாவாவின் புரோமோ எரிமலையில். பெனஞ்சாக்கான் முனையிலிருந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு, மணல்வெளியைக் கடந்து, படிக்கட்டில் ஏறி, விளிம்பில் இருக்கும் பிள்ளையாரைக் கும்பிட வேண்டும் என்று பலர் ஆசையோடு வருகிறீர்கள். அந்த மலைப்பகுதியில் வாழும் டெங்கர் மக்கள் இந்துக்கள். கசாடா திருவிழாவில் காய்கறிகளையும் ஆடு கோழிகளையும் அந்த வாய்க்குள்தான் காணிக்கையாகப் போடுகிறார்கள். உங்கள் ஆசை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு கிலோமீட்டர் தடை அமலில் இருக்கும் நாளில், படிக்கட்டில் நூறு பேர் ஏறிக்கொண்டிருந்தாலும், நம் குழு மணல்வெளியிலேயே நின்றுவிடும்.

கிழக்கு ஜாவாவிலேயே உள்ள இஜென் எரிமலையில் நீலச் சுடரைக் காண நள்ளிரவு தாண்டியதும் புறப்பட வேண்டும். பாறைப் பிளவுகளிலிருந்து வரும் கந்தக வாயு காற்றில் பட்டு எரிவதுதான் அது. பகலில் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நின்று நீங்கள் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தொழிலாளர்கள் அந்த வாயுவைக் குழாய்கள் வழியே இறக்குகிறார்கள். குழாய் முனையில் சிவப்பாகச் சொட்டும் கந்தகம் ஆறியதும் மஞ்சள் கட்டியாகிறது. அதைக் கடப்பாரையால் பெயர்த்து, மூங்கில் காவடியின் இரு கூடைகளிலும் நிரப்பி, 70 கிலோவுக்கும் மேல் தோளில் சுமந்து செங்குத்தான சரிவில் ஏறி வருகிறார்கள். பாதை குறுகல். சுமையோடு வருபவருக்கு மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். வாயு முகமூடி நாங்கள் தருகிறோம். காற்று திசை மாறிப் புகை நம் பக்கம் திரும்பினால், வழிகாட்டி சொன்ன நொடியில் மேலேறிவிட வேண்டும். மருத்துவச் சான்றிதழும் கட்டாயம் தேவை.

லொம்போக் தீவின் ரிஞ்சானி 3,726 மீட்டர். மழைக்காலமான ஜனவரி முதல் மார்ச் வரை வழக்கமாக மூடியிருக்கும். நம் ஊர்க் கோடை விடுமுறைக்குத் திறந்துவிடும் என்பது நல்ல விஷயம். உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதி முழுக்கச் சாம்பலும் பொடிக்கல்லும்; வைத்த கால் பின்னால் சறுக்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலைக் குளிருக்குச் சென்னையில் வாங்கும் மெல்லிய ஸ்வெட்டர் போதாது. விளிம்பு முகாம் வரை மட்டும் வந்து செகாரா அனாக் ஏரியைப் பார்த்துத் திரும்பினாலும் அது முழுமையான பயணம்தான்.

பணம் பற்றி: தடையால் ஒரு மலை கைவிட்டுப் போனால், அந்த மலைக்கான தொகையைத் திருப்பித் தருவோம், அல்லது வேறு மலைக்கு மாற்றித் தருவோம். வழிகாட்டிகளுக்கும் சுமை தூக்குவோருக்கும் பேசிய கூலியை மட்டும் பிடித்துக்கொள்வோம். அவர்கள் வேறு வேலையை விட்டுவிட்டு நமக்காக வந்து நிற்பவர்கள். மலை மூடியதற்கு அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது.

சாம்பல் விமானத்தையும் நிறுத்தும். 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவில் லெவோடோபி வெடித்தபோது பாலிக்கு வரவேண்டிய பல விமானங்கள் ரத்தாயின. எனவே ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகம் போகிறமாதிரி டிக்கெட் போடாதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எரிமலைச் சாம்பலுக்கு இழப்பீடு உண்டா என்பதையும் படித்துப் பாருங்கள்.

மலையேறும் நாளுக்கு முந்தைய மாலை, அன்றைய நிலையும் தடைத் தூரமும் உங்கள் ஃபோனுக்குச் செய்தியாக வரும். இந்த ஏற்பாடு ஒத்துவராது என்று நினைப்பவர்கள் இம்மாத இறுதிக்குள் எழுதுங்கள். முன்பணம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
பயணக் குழுவினர்