காய்ந்த காது கேட்கிறதா? காது, மூக்கு ஆய்வு செய்வோருக்கும் நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் வைத்தியசாலைகளில் காது, மூக்குச் சிகிச்சைகளை ஆய்வுக்கு எடுக்கும் மருத்துவர்களுக்கும், அந்த விண்ணப்பங்களுக்கு அனுமதி தரும் குழுக்களுக்கும் இதை எழுதுகிறோம். எது வெற்றி, எது தீங்கு என்பதை முதல் நோயாளியைச் சேர்க்க முன்னரே எழுதிவையுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய ஆய்வுப் பதிவேட்டில் அதையும் சேர்த்தே பதியுங்கள்.

சீழ் வடியும் காதுக்கு சிப்ரோஃப்ளொக்சசின் துளிமருந்து விட்டு, இரண்டு கிழமையில் காது காய்ந்தால் 'குணம்' என்று எழுதுவது சுலபம். செவிப்பறையில் ஓட்டை அப்படியே இருக்கும். குளத்தில் ஒருதரம் முழுகினால் திரும்ப வடியும். சத்திரசிகிச்சையில் அந்த ஓட்டையை மூடி ஒட்டிய காதுகளையும் 12 மாதம் கழித்துப் பாருங்கள்; பிந்திக் கிழிவது மூன்றாம் மாதக் கிளினிக்கில் தெரியாது.

கேள்திறனில் ஒரு பொறி இருக்கிறது. காற்று வழிக்கும் (காதுத்துவாரம் ஊடாகக் கேட்பது) எலும்பு வழிக்கும் (மண்டையோட்டு அதிர்வால் உட்செவி நேரே கேட்பது) இடையிலான இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்தால் வெற்றி என்பது பரவலான அளவுகோல். ஆனால் எலும்பைக் குடையும் துரப்பணத்தாலோ மருந்தாலோ உட்செவி பழுதானால் எலும்பு வழியும் காற்று வழியும் சேர்ந்தே கீழே போகும்; அந்த இழப்பு இடைவெளியில் தெரியாது. நோயாளிக்குக் கேட்பது குறைந்திருக்க, அட்டவணையில் வெற்றி ஏறும். ஆகவே 500, 1000, 2000, 4000 ஹேர்ட்ஸில் இரண்டு வழிகளையும் முன்னும் பின்னும் தனித்தனியே வெளியிடுங்கள். ஓட்டையுள்ள காதில் ஜென்டமைசின், நியோமைசின் துளிகள் விட்டால் முதலில் அடிபடுவது உச்ச சுருதிகள். 8000 வரை பாருங்கள். ஓர் அலைவரிசையில் 20 டெசிபலோ, அடுத்தடுத்த இரண்டில் 10 டெசிபலோ குறைந்தால் மறுபடி சோதித்து உறுதிசெய்யுங்கள். மின்விசிறி சுழலும் அறையில் எடுத்த 500 ஹேர்ட்ஸ் அளவை நம்பமுடியாது.

இங்கே இன்னொன்றும் உண்டு. 2009இல் ஷெல் சத்தத்தில் அடிபட்ட காதுகளில் 4000 ஹேர்ட்ஸ் பகுதி ஏற்கெனவே விழுந்திருக்கலாம். தொடக்க அளவு இல்லாவிட்டால் சிகிச்சையின் தீங்கை யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடலாம். யுத்தத்தின் பழுதை மருந்தின் தலையிலும் போடலாம். வெடிப்பில் உள்ளே போன தோல் துணுக்கு வருடக்கணக்கில் மெல்ல வளரக்கூடியது. பறையை ஒட்ட முன் நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

கேட்காவிட்டால் நோயாளி சொல்லாத தீங்குகளும் உண்டு: தலைச்சுற்று, காதிரைச்சல், நாக்கின் ஒரு பக்கத்தில் உலோகச் சுவை. படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்வி வையுங்கள். முகம் கோணினால் எத்தனை மணிக்குக் கோணியது என்று குறியுங்கள். விறைப்பு மருந்து தெளிந்த உடனேயே தெரிவதும், சில நாள் கழித்து வருவதும் வேறு வேறு.

மூக்கு நடுச்சுவர்ச் சத்திரசிகிச்சையில், மூக்கடைப்பை அளக்கும் ஐந்து கேள்வி, 100 புள்ளி அளவுகோல் (NOSE) போதும். ஆனால் வெட்டிய மருத்துவரின் ஆட்களே கேட்டால் 'இப்ப பரவாயில்லை டொக்டர்' என்றுதான் பதில் வரும். வேறு ஆள் கேட்கட்டும். நடுச்சுவரில் ஓட்டை, ஒட்டுத்தசை (மூக்கின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) ஆகியவற்றை ஆறு கிழமையிலும் ஆறு மாதத்திலும் உள்ளே பார்த்துப் பதியுங்கள்.

காலபோக அறுவடை நேரத்தில் கிளினிக்குக்கு ஆள் வராது. வராதவரைச் சுகமானவராக எண்ணாதீர்கள். வராத எல்லோரையும் தோல்வி என்று வைத்து ஒரு கணக்கு, வெற்றி என்று வைத்து ஒரு கணக்கு, இரண்டையும் போடுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வருபவருக்கு பஸ் காசு கொடுங்கள், அது இலஞ்சமல்ல.

சம்மதப் படிவம் பெரிய வேடிக்கை. காது கேளாதவருக்குச் சனநெரிசலில் வாசித்துக் காட்டுகிறார்கள், அவர் தலையாட்டுகிறார், கையெழுத்து விழுகிறது. அமைதியான அறையில், பெரிய எழுத்தில் கையில் கொடுத்து, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பக்கவிளைவுக்கு அழைக்கச் சொல்லும் தொலைபேசி இலக்கமும் அவருக்கு உதவாது. குறுஞ்செய்தி அனுப்பும் வழியும், வீட்டில் ஒருவரின் தொடர்பும் இல்லாத விண்ணப்பத்தைக் குழு திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
வன்னியில் காதுச் சிகிச்சைப் பணியிலுள்ளோர்