டாம் ஃபோங்கின் கொலை வழக்குக் கோப்பை மீண்டும் திறவுங்கள்: எஃப்.பி.ஐ. இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நுயென் டாம் ஃபோங் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1982 ஆகஸ்ட் 24 அன்று ஹூஸ்டனில், தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பத்திரிகை ஆசிரியரின் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. அதை மீண்டும் திறக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

வியட்நாமிலிருந்து அகதியாக வந்த இடத்தில், தன் மக்களுக்காக அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'து தோ'. சுதந்திரம் என்று பொருள். வியட்நாமிய மொழியில் 'மா' என்ற ஓர் ஓசையே, இடும் குறியைப் பொறுத்துத் தாய் ஆகும், பேய் ஆகும், கல்லறை ஆகும், நாற்றும் ஆகும். அமெரிக்கத் தட்டச்சுப் பொறிகளில் அந்தக் குறிகள் கிடையாது. புலம்பெயர்ந்த வியட்நாமியர் அவற்றைக் கையால் ஒவ்வொன்றாக இட்டு இதழ்களை அச்சுக்கு அனுப்பிய காலம் அது. அத்தனை பாடுபட்டு நடத்திய பத்திரிகையில்தான், தாயகத்தை மீட்கப்போவதாகச் சொல்லிச் சிலர் அகதிகளிடம் திரட்டிய நிதி எங்கே போகிறது என்று அவர் கேட்டார். மிரட்டல்கள் வந்தன. அவர் நிறுத்தவில்லை.

15 ஆண்டுகள் விசாரித்தும் வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று உங்கள் துறை சொல்லிவிட்டது. 1981 முதல் 1990 வரை உங்கள் நாட்டில் கொல்லப்பட்ட வியட்நாமியப் பத்திரிகையாளர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான ஃபாம் வான் தாப் கலிஃபோர்னியாவின் கார்டன் குரோவில் தீயில் மாண்டார். ஒரு கொலைக்குக்கூட எவரும் தண்டிக்கப்படவில்லை. 1976-இல் ஃபீனிக்ஸில் செய்தியாளர் டான் போல்ஸ் கார் குண்டுக்குப் பலியானபோது, நாடெங்கிலுமிருந்து செய்தியாளர்கள் அங்கே திரண்டு அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள். போல்ஸ் ஆங்கிலத்தில் எழுதியவர். அகதியின் மொழியில் எழுதியவனுடைய உயிர் மலிவா, ஐயா?

பாரிஸ் அருகே 1994-இல் எழுத்தாளர் சபாலிங்கத்தை அவர் வீட்டிலேயே பறிகொடுத்த தமிழர்களுக்கு இந்த மௌனம் பழக்கமானது. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் ஏதும் மிகையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஆனால் கோப்பைத் திறவுங்கள். 'து தோ' இதழ்களை அந்த மொழி அறிந்தவர்களிடம் கொடுத்து வரிக்கு வரி படிக்கச் செய்யுங்கள். அன்று நாற்பது வயதில் இருந்த சாட்சிகள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பணிவுடன்,
புலம்பெயர்ந்த தமிழ் வாசகன் ஒருவன்