‘சதிநாமு’ அல்ல, ‘சத் நாம்’

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குருத்வாரா கட்டுரை அருமை. லங்கர் சமையற்கூடத்தைப் பற்றி எழுதியவர் அந்தத் தவாவின் சூட்டில் நின்று பார்த்திருக்கிறார் என்று படிக்கும்போதே தெரிந்தது. ஆனால் பெட்டிச் செய்தியில், சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தின் தொடக்க வரிகளான மூல மந்திரத்தை ‘சதிநாமு, கர்தா புரகு, அகால் மூரதி, குர் பிரசாதி’ என்று போட்டிருந்தீர்கள். தமிழில் ‘சதி’ என்று பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஓதும்போது அது ‘சத் நாம், கர்தா புரக், அகால் மூரத், குர் பிரசாத்’.

கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. லூதியானாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்ட தைரியத்தில், நானும் எங்கள் தெரு குருத்வாராவில் இப்படித்தான் உரக்கப் படித்தேன். அங்கே கிரந்தத்தை ஓதும் வயதான கிரந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘நாமு’வின் அடியில் உகரக் குறியாக இருந்த சின்னக் கோட்டின் மேல் விரலை வைத்து, “இதைப் பாரு, சொல்லாதே” என்றார்.

அந்தக் கோட்டில்தான் இலக்கணம் இருக்கிறது. வேற்றுமைத்தொகையில் நாம் உருபை எழுதாமலே பொருளைப் புரிந்துகொள்கிறோம் அல்லவா? குர்பாணியில், அதாவது கிரந்தத்தின் பாடல்களில், உருபை எழுதிவிட்டு, வாயால் சொல்லாமல் விடுகிறார்கள். ‘குர்’ என்ற சொல்லின் கடைசியில் உகரக் குறி இருந்தால் ஒருமை எழுவாய். இகரக் குறி இருந்தால் ‘குருவால்’. ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘குருவின்’, அல்லது பன்மை. மூன்றையும் ‘குர்’ என்றே ஓதுவார்கள். ‘பிரசாதி’யின் இகரம் நம் மூன்றாம் வேற்றுமைதான்: ‘அருளால்’. ‘மூரதி’யின் இகரம் வேறு, அது மூர்த்தி என்ற வடசொல்லோடு கூடவே வந்தது. அதே மந்திரத்தில் வரும் ‘நிர்பௌ’வில் கடைசி உகரம் தனி எழுத்தாகவே நிற்பதால் ஒலிக்கும். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. இவற்றை ஊன்றிக் கவனித்து விதிகளாகத் தொகுத்தவர் பேராசிரியர் சாஹிப் சிங் (1892–1977). 1430 பக்க ஆதி கிரந்தத்துக்குப் பத்துத் தொகுதிகளில் உரை எழுதியவரும் அவரே.

அதற்காகக் குறிகளை எல்லாம் விழுங்கிவிடவும் முடியாது. குரு நானக்கின் ‘ஓஅங்கார்’ பாடலில், படைத்தவனின் அளவைப் படைத்தவனே அறிவான், ‘அல்லது வீரரான குரு அறிவார்’ என்று ஓர் அடி. அந்த ‘அல்லது’வுக்கு மூலத்தில் உள்ள சொல் ‘கை’. ஒருவர் அதைக் ‘கே’ என்று ஓத, ‘குருவுக்கு என்ன தெரியும்’ என்று பொருள் மாறிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த பத்தாவது குரு கோவிந்த் சிங் கோபப்பட்டு நிறுத்தினாராம். இங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. எழுத்தில் பார்த்தால், தலைக்கு மேல் இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

நம் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு நான்கு ஒலிகளைச் சமாளிக்கிறோம். நான் மேலே எழுதிய ‘நிர்பௌ’வை நீங்கள் எப்படிப் படித்தீர்களோ! இங்கே பிள்ளைகள் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து, வரி வரியாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகுகிறார்கள். அதைச் சந்தியா என்பார்கள். அச்செழுத்தைப் பார்த்து ஓத நினைக்கும் வாசகர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டால் போதும். மற்றதை விட்டாலும் அந்தச் ‘சதி’யை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

— தங்கள் வாசகர், லூதியானா