கன்சென்ட் கண்டிஷனை உலைகிட்ட நிக்கிறவங்களுக்குப் புரியுற தமிழ்ல கொடுக்கச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்
சின்ன பவுண்டரி நடத்துறவர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை.

பொருள்: சிறு பவுண்டரிகளுக்குக் கொடுக்குற ஏர் கன்சென்ட் (காற்றுச் சட்டப்படி வாரியம் தர்ற அனுமதி) ஆர்டரோட, கண்டிஷன்களை எளிய தமிழ்ல ஒரு பக்கமா இணைச்சுத் தரக் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கமுங்க.

கோவை கணபதி பக்கம் உலோகத்தை உருக்கி அச்சுல ஊத்தற பவுண்டரி ஒண்ணு சின்னதா நடத்துறேங்க, பம்பு பாடி, மோட்டார் பாடி, கிரைண்டர் பார்ட்ஸ்னு ஜாப் ஆர்டர் எடுத்து ஊத்திக் கொடுக்கறோம். பவுண்டரின்னா தூசும் புகையும் வரத்தான் செய்யும், அதைக் கட்டுப்படுத்த வாரியம் கண்டிஷன் போடறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க, ஏன்னா எங்க வீடும் அடுத்த தெருவுலதான் இருக்கு, அந்தக் காத்தைத்தான் எங்க புள்ளைங்களும் இழுக்குதுங்க.

நான் சொல்ல வந்தது கன்சென்ட் வாங்கினதுக்கு அப்புறம் நடக்குறதைப் பத்தி. வாங்கற வேலை எப்படியோ முடிஞ்சிருதுங்க. முதல்ல கம்பெனி ஆரம்பிக்க ஒரு கன்சென்ட், அப்புறம் ஓட்டறதுக்கு ஒண்ணு, அப்புறம் ரினிவல், எல்லாமே ஆன்லைன்ல. லேஅவுட், பிராசஸ் ஃப்ளோ சார்ட், முதலீட்டுக்கு ஆடிட்டர் சர்டிபிகேட், அந்த முதலீட்டை வச்சு கட்டணம்னு கன்சல்டன்ட் ஒருத்தரைப் புடிச்சா எல்லாத்தையும் ஏத்தி விட்டுருவாரு. ஆர்டர் பிடிஎஃப்ஆ வரும், பிரிண்ட் எடுத்து ஃபைல்ல கோத்து பீரோவுல வச்சுருவோம். அது முழுக்க இங்கிலீஷு, பக்கம் பக்கமா கண்டிஷன். ஓனருக்கே பாதிதான் புரியும், ஆனா அந்தக் கண்டிஷனைத் தினமும் காப்பாத்த வேண்டிய ஆளு ஓனர் இல்லீங்க, உலைகிட்ட நிக்கிற மெல்ட்டரும், ஷேக்அவுட்ல (மணல் அச்சை உடைச்சு வார்ப்பை வெளிய எடுக்கற இடம்) நிக்கிற தம்பியும், துணிப்பை வச்சுத் தூசை வடிகட்டற பேக் ஃபில்டரைப் பாத்துக்கற மெயின்டனன்ஸ்காரரும்தான். அவங்க யாரும் அந்த ஃபைலைக் கண்ணால கூடப் பாத்திருக்க மாட்டாங்க.

1981 காற்றுச் சட்டத்துல 21-வது பிரிவு, கட்டுப்பாட்டுக் கருவியை எப்பவும் நல்லா ஓடுற நிலைமையில வச்சிருக்கணும்னு சொல்லுது. எப்பவும்னா சாம்பிள் எடுக்க லேப் ஆளுங்க வர்ற அன்னைக்கு மட்டும் இல்ல, நைட் ஷிஃப்ட்லயும்தான். நைட் ஷிஃப்ட்ல ஓனர் இருக்க மாட்டாரு, கன்சல்டன்ட் இருக்கவே மாட்டாரு.

எங்க பேக் ஃபில்டரையே சொல்றேங்க. அதுல ஒரு மேனோமீட்டர் மாட்டியிருக்கு, பைக்கு முன்னாடியும் பின்னாடியும் காத்தழுத்தம் எவ்வளவு வித்தியாசம்னு காட்டும், எங்க மெஷினுக்கு 100-லிருந்து 150 மில்லிமீட்டர் தண்ணி மட்டத்துக்குள்ள நிக்கணும். அதுக்கு மேல ஏறினா பை அடைச்சிருக்குன்னு அர்த்தம், புகையைப் புடிக்கற மூடி, அதான் ஹூடு, அதுல இழுவை குறைஞ்சு புகை ஷெட்டுக்குள்ளயே சுத்தும், அதனால ஷெட்டுக்குள்ள பாத்தவுடனே தெரிஞ்சுரும். ஆனா முள்ளு திடீர்னு கீழ விழுந்தா பை எங்கயோ கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப ஷெட்டுக்குள்ள நல்லா சுத்தமா இருக்கற மாதிரிதான் தெரியும், தூசு பூரா சிம்னி வழியா ஊருக்குள்ள போயிட்டு இருக்கும். இந்த ரெண்டாவது விஷயத்தை யாராவது சொல்லிக் கொடுத்தாத்தான் தெரியும், உள்ள நிக்கிறவனுக்கு இழுவை நல்லா இருக்குன்னு சந்தோஷமாத்தான் இருக்கும். மழைக்காலத்துல இன்னும் மோசமுங்க, ஷேக்அவுட்ல சூட்டு மணல்லிருந்து ஆவி வரும், அந்த ஈரம் தூசோட சேந்து பையில அப்பிக்கும், அப்புறம் பையை உதற பல்ஸ் காத்து அடிச்சாலும் உதிராது.

உலைக்குப் போடற ஸ்கிராப்பும் அப்படித்தான். எண்ணெய் ஒட்டின சுருள், பெயிண்ட் அடிச்ச தகடு, துத்தநாகம் பூசின ஷீட்டு இதெல்லாம் உள்ள போனா மின்சாரத்துல உருக்கற இண்டக்‌ஷன் ஃபர்னஸ்லயும் புகை கெளம்பும், துத்தநாகம்னா வெள்ளை வெளேர்னு வரும். அதைப் பிரிச்சுப் போடற கை ஸ்கிராப் யார்டுல இருக்கற அக்காவோட கைதானுங்க. பவுண்டரிக்கு அளவு என்னன்னு பாத்தா, மணிக்கு 3 டன்னுக்குக் கீழ உருக்குற குபோலாவுக்கு (கோக் கரி எரிக்கற உலை) தூசு ஒரு கன மீட்டருக்கு 450 மில்லிகிராம், 3 டன்னும் அதுக்கு மேலயும் 150, இண்டக்‌ஷன் எந்த சைஸா இருந்தாலும் 150. குபோலாவுக்கு சிம்னி அந்தக் குபோலாவோட விட்டத்துல குறைஞ்சது ஆறு மடங்கு உயரம் வேணும், இண்டக்‌ஷன்ல புகையை முதல்ல ஹூடு போட்டுப் புடிச்சுத்தான் வெளிய விடணும். நாலே வரிதான் ஐயா இது. இதை எழுதி உலைக்குப் பக்கத்துல ஒட்டியிருந்தா ஹூடை நகத்தி வச்சுட்டு உருக்குற பழக்கம் பாதி நின்னுரும், உலைக்குள்ள ஸ்கிராப் போடற சார்ஜிங்குக்கு இடைஞ்சலா இருக்குன்னுதான் நகத்தறாங்க, அது கண்டிஷன்ல இருக்கறதே தெரியாம.

அதனால என் கோரிக்கை இதுதானுங்க. இனிமே சிறு பவுண்டரிக்குக் கன்சென்ட்டோ ரினிவலோ கொடுக்கறப்ப, அந்த ஆர்டரோட ஒரே ஒரு பக்கம் தமிழ்ல இணைச்சுக் கொடுங்க. அந்த யூனிட்டுக்கு என்ன உலை, என்ன அளவு, எந்தக் கருவி எப்பவும் ஓடணும், மேனோமீட்டர் எங்க நிக்கணும், எந்த ஸ்கிராப் போடக்கூடாது, பை கிழிஞ்சா உருக்கறதை நிறுத்திட்டு யாருக்குச் சொல்லணும், உற்பத்தியையோ உலையையோ மாத்தறதுக்கு முன்னாடி வாரியத்துகிட்ட கேக்கணும்ங்கறது, கன்சென்ட் எந்தத் தேதியோட முடியுதுங்கறது, இவ்வளவு போதும். பெரிய எழுத்துல இருக்கட்டும். எங்க பக்கம் பீகார், ஒடிசா தம்பிங்க நிறையப் பேரு வேலை செய்யறாங்க, அவங்களுக்காகப் பின்பக்கம் இந்தியிலயும் போட்டா ரொம்ப உபயோகமா இருக்கும்.

சட்டப்படி குழப்பம் வருமேன்னு தோணலாம். இங்கிலீஷ் ஆர்டரே சட்டப்படி செல்லுற ஆர்டரா இருக்கட்டுமுங்க, தமிழ்ப் பக்கம் வேலை செய்யறவங்களுக்கான இணைப்புன்னு மேலயே போட்டுறலாம். 1948-ல போட்ட தொழிற்சாலைகள் சட்டத்துலயே, கம்பெனியில ஒட்டற அறிவிப்பு அங்க வேலை செய்யற பெரும்பாலானவங்களுக்குப் புரியுற மொழியிலயும் இருக்கணும்னு வச்சாங்க, நம்ம மாநிலத்துல ஆட்சிமொழிச் சட்டம் 1956-லயே வந்தாச்சு. மெஷின்ல கை மாட்டாம இருக்கத் தமிழ்ல எழுதி ஒட்டறப்ப, ஊர்க்காத்து கெடாம இருக்கறதுக்கும் எழுதி ஒட்டணுமில்லீங்களா.

2024 ஏப்ரல் 1-லிருந்து காற்றுச் சட்டத்துல அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரைக்கும் போடலாம்னு மாத்தியிருக்காங்க. 15 லட்சம்னா எங்கள மாதிரி யூனிட்டு இழுத்து மூட வேண்டியதுதான். தப்பு செஞ்சா அபராதம் போடுங்க, அதைத் தடுக்கச் சொல்லலீங்க, ஆனா எது தப்புன்னு அந்த வேலையைச் செய்யறவனுக்கு முன்கூட்டியே தெரியணும்.

இன்னொண்ணு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற அதிகாரிங்க உலை ஆப்பரேட்டரையும் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேக்கணும்னு அறிவுறுத்தினா நல்லா இருக்கும். மேனோமீட்டர் எவ்வளவு காட்டுது, எவ்வளவு காட்டணும்னு அவர்கிட்டயே கேட்டா, அடுத்த தடவை அதிகாரி வர்றதுக்குள்ள ஓனரே ஆளுங்களுக்குக் கத்துக் கொடுத்துருவாரு.

மாதிரிப் பக்கம் ஒண்ணு நாங்களே எழுதி இந்த மனுவோட வச்சிருக்கோமுங்க, திருத்த வேண்டியதை உங்க இன்ஜினியர்களை வச்சுத் திருத்திக்கலாம். சோதனைக்கு எங்க பவுண்டரியிலயே முதல்ல ஒட்டிப் பாக்கலாம், எந்த நேரத்துல வேணாலும், நைட் ஷிஃப்ட்ல கூட ஆளனுப்பிப் பாருங்க. வர்ற ரினிவல் சீசனுக்கு முன்னாடி இதுக்கு ஒரு உத்தரவு போட்டுக் கொடுக்கணும்னு பணிவோட கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்.
இணைப்பு: தமிழ் மாதிரிப் பக்கம் 1.