உறுமி உறுமட்டும், ஸ்பீக்கர் உறும வேண்டாம்

பினாங்கு லிட்டில் இந்தியா மேடையில் நம்ம நாட்டுப்புற ராக் குழுவைக் காப்பாற்றிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணனுக்கு ரசிகர்கள் சார்பில் நன்றி.

கித்தாரை லேப்டாப் வழியாக மிக்சரில் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். லேப்டாப்பும் மிக்சரும் வெவ்வேறு பிளக்கில் இருந்ததால் வந்த எர்த் லூப் (எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றிவருவது). பிளக்கின் எர்த் முள்ளை யாரையும் கழற்ற விடவில்லை அவர் (ஆளைக் கொல்லும் வேலை அது). மிக்சருக்குப் போகும் ஒலி வயரின் நடுவே தன் டி.ஐ. பெட்டியை வைத்து, அந்த வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினார், அடங்கியது.

உறுமி மைக்கைக் குச்சி தேய்க்கும் தோலுக்கு ஒரு சாண் தள்ளிச் சாய்த்தார். மானிட்டரை (கலைஞர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) மைக்கின் முதுகுப்பக்கம் நகர்த்தினார். கார்டியாய்டு மைக் பின்னால் வருவதை அவ்வளவாக வாங்காது, ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து வந்த ‘கீச்’சும் நின்றது. அப்புறம்தான் உறுமியின் அந்த ‘ஊவ்’ கடைசி வரிசைக்கும் கேட்டது.

சிவப்பு டேப் ஒட்டிய உங்கள் டி.ஐ. பெட்டி எங்களிடம்தான் இருக்கு, அண்ணே. வந்து வாங்கிக்கோங்க.