கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

மாதவிடாய் சுகாதார நாளான மே 28 வந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் நாப்கின் வழங்க வரும் தொண்டு நிறுவனத்தாருக்கும், அவர்களுக்குப் பணம் தரும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஓர் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தின் தன்னார்வலராகக் குடியிருப்புக்குள் போனவள், பிள்ளைகளை விட்டுவர மனமில்லாமல் இன்னும் அங்கேயே இருக்கிறேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் இந்த மடலில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் செய்த தவறு என்றால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன்.

சென்ற மே மாதம் சமுதாயக் கூடத்தில் விழா நடந்தது. காலை பத்து மணிக்கு வரச்சொன்னீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டரைக்கு. அதுவரை பிள்ளைகள் தண்ணீர்கூட குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். குடித்தால் எங்கே போவது? கூடத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்க ஆளில்லை. அப்புறம் மைக்கில், "வயசுக்கு வந்த பிள்ளைங்க மட்டும் மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாப்கின் பாக்கெட் கொடுத்து ஒரு படம் எடுத்தார்கள்.

அந்த வரிசையில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நின்றாள். பதிமூன்று வயது. அவள் வயசுக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் பொங்கல் முடிந்த கையோடு முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சேம்பருக்கு, அதாவது சூளைக்குப் போனவர்கள். ஆடிக்குத்தான் திரும்புவார்கள். அவர்கள் வந்தபிறகு நாலு பேருக்குச் சோறு போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று பாட்டி விஷயத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். பெற்ற தாய்க்கே இன்னும் தெரியாது. மேடையிலிருந்து கூப்பிட்டதும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுக்க, போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மறுநாள் சேம்பர் மேஸ்திரியின் போனுக்கும் போனது. மகள் பெரியவளான சேதியை அந்த அப்பா, இன்னொரு ஆணின் போனில், நாப்கின் பாக்கெட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஊரெல்லாம் தெரிந்துபோன பிள்ளையைக் கிழவியோடு தனியாக விடப் பயந்து, பத்தே நாளில் வந்து சேம்பருக்குக் கூட்டிப்போய்விட்டார். ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜூலை கடைசியில்தான் எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஆறேழு வாரப் பாடத்தை இன்றுவரை அவளால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் படம் எடுக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பாட்டியிடமாவது கேட்டீர்களா? அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். கொடுப்பதற்கு முன் எங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அந்த பாக்கெட் என்ன ஆனது என்றும் சொல்கிறேன். ஐப்பசி மழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியது. தார்ப்பாய் போட்டுக்கொடுக்கப் போனேன். கீற்றுக்குள் ஒரு நெகிழிப் பை செருகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் அதே பாக்கெட், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. ஏன் பயன்படுத்தவில்லை என்றேன். "இத எங்கக்கா போடறது?" என்றாள். குடிசைக்குப் பின்னால் போட்டால் நாய் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போடும். ஏரிக்கரையில் புதைக்கலாம் என்றால் அங்கே எந்நேரமும் ஆள் நடமாட்டம். கொளுத்தலாம் என்றால் அது முழுசாக எரியாது, நாற்றம் பக்கத்து வீடு வரை போகும். சாதாரண நாப்கினில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. ஊருக்கு வரும் குப்பை வண்டி இந்தக் குடியிருப்புக்குள் நுழைவதே இல்லை. பாக்கெட் கொடுத்தீர்கள், அதைப் போட ஓர் இடம் காட்டினீர்களா?

அவள் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துத்தான் வைத்துக்கொள்கிறாள். அதையும் கொடியில் மற்ற துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறாள். மழைக்காலத்தில் அது காய்வதில்லை. ஈரத்தோடு வைத்துத் தொடை உரசிப் புண்ணாகி, கால் அகட்டி நடந்துதான் வகுப்புக்கு வருவாள். உங்கள் மேடையில் பேசிய அம்மையார் துணி வைத்தால் புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையில்லை. சோப்புப் போட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மாற்றிமாற்றி வைத்துக்கொண்டால் துணியால் ஒரு கெடுதலும் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு பிள்ளை மூன்று மாதம் தனக்குப் புற்றுநோய் என்றே நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து அழுதாள். பயம்காட்டுவது கல்வி ஆகாது. இந்தப் பிள்ளைகளுக்குத் தேவை நல்ல பருத்தித் துணி, ஒரு மூடி போட்ட வாளி, வெயில் படுகிற ஒரு மறைப்பு. கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

சரி, நாப்கின் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாளில் அதுதான் வசதி. இலவச நாப்கின் தரும் அரசின் புதுயுகம் திட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் போக்குக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் எத்தனை வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். அந்த ஒன்பதும் பள்ளியிலோ ஊர்ச் செவிலியர் மூலமாகவோதான் வருகிறது. சேம்பரில் இருக்கும் பிள்ளையின் கைக்கு அது எட்டுவதில்லை. உங்கள் உதவி தேவைப்படுவது அங்கேதான். ஆனால் நீங்கள் வருவதோ மே மாதம். பள்ளிக்கு விடுமுறை, குடியிருப்பில் பாதி வீடு பூட்டு. சென்ற முறை கூடத்தில் இருந்த கூட்டத்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஆறே பேர்.

மே 28 என்பது 28 நாள் சுழற்சியையும் ஐந்து நாள் போக்கையும் வைத்து எங்கோ குறித்த தேதி. அதை மதிக்கிறேன். அதற்காக எங்கள் பிள்ளைகளின் மாதம் மேயில் மட்டும் வருவதில்லை.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. எப்போது வந்தாலும் பெண் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் பேசுகிறீர்கள். ஆசிரியர்களுக்கு யார் சொல்வது? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வெழுதச் சொன்னார்களே, அங்கே இருந்தவர்கள் படித்தவர்கள்தானே? அந்தப் பிள்ளை பட்டியல் சாதிப் பிள்ளை. தீட்டு என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மாதத்தில் ஐந்து நாள் தீட்டு என்பார்கள், மீதி நாளெல்லாம் இருளர் பிள்ளை என்று தள்ளி உட்காரவைப்பார்கள். பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருடக்கணக்கில் நடக்கும் குடும்பங்கள் இவை. அந்தச் சான்றிதழ் கையில் இல்லாமல் பத்தாவதோடு நின்றுபோன பெண்கள் என் வகுப்பு வாசலில் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். எதையோ பேசி எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். இதெல்லாம் உங்களால் தீராது என்று தெரியும்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் சொல்கிறது, அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், அதனால் படம் கேட்கிறீர்கள். வாங்கிய பில் இருக்கிறது, பெற்றுக்கொண்ட கையெழுத்து இருக்கிறது. குடியிருப்புக்குப் போட்ட குளியல் மறைப்பைப் படம் எடுங்கள், குழாயைப் படம் எடுங்கள், தாழ்ப்பாள் மாட்டிய கழிப்பறைக் கதவைப் படம் எடுங்கள். பிள்ளையின் முகம் எதற்கு?

உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடமும் வாருங்கள். ஆனால் ஆடி கழிந்து வாருங்கள், சேம்பரிலிருந்து எல்லோரும் திரும்பியிருப்பார்கள். மேடை வேண்டாம். மாலை ஐந்தரைக்கு வகுப்பு தொடங்கும், வேப்பமரத்தடியில் பாய் போட்டு வைக்கிறேன், பிள்ளைகளோடு உட்காருங்கள். என்ன வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மறுநாளும் வாருங்கள். அவள் அந்த பாக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறாள், நீங்கள் கேட்டால் காட்டுவாள்.

இப்படிக்கு,
பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடும் மாலை வகுப்புத் தன்னார்வலர்,
திண்டிவனம் வட்டம்.